பால் பாக்கெட் இரண்டு, பொடி ஒன்று

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கொடிக்கயிறு இருந்தது. ஒரு முனை என் சமையலறை ஜன்னல் கம்பியில், மறுமுனை பக்கத்து வீட்டுக் குளியலறைக் குழாயில். கயிறு நான் காசு போட்டு வாங்கியது. வெயில் என் பக்கம்தான் விழும். பக்கத்து வீட்டுப் பக்கம் மதியம் வரை சுவர் நிழல். இரண்டு பெண்கள் இரண்டு மாதம் பேசாமல் இருந்ததற்கு இதுதான் காரணம் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். புனே பக்கம் தேஹு ரோடு குவார்ட்டர்ஸில் ஒரு மழைக்காலமாவது துணி காய வைத்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். கல்யாணமாகி வட ஆற்காட்டிலிருந்து நேராக இங்கே வந்தவள். அவள் வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று அங்கிருந்த ராணுவச் சாமான் டிப்போவில் ஸ்டோரில் வேலை பார்த்தார். என் வீட்டுக்காரர் அதே டிப்போவில் கிளார்க். அவளுக்கு முதல் குழந்தை, பெண், அப்போது ஆறு மாதம். அந்தக் குழந்தையின் இடுப்புத் துணிகளை அவள் கயிற்றில் என் பக்கமாகத் தள்ளித் தள்ளிப் போடுவாள். அவை என் வெள்ளைக் கோட்டின் மேல் சொட்டும். கோட்டு எனக்கு உயிர். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஜன்னலைத் திறந்து கத்தினேன்.

"ஏம்மா, உன் பொண்ணோட பீத்துணி என் கோட்டு மேலதான் சொட்டணுமா?"

"வெயிலு உங்க பக்கம்தானேக்கா இருக்குது. உங்க வெயிலா அது?"

கேள்வி நியாயமாக இருந்தால் எனக்குக் கோபம் இரண்டு மடங்காக வரும். எல்லாத் துணியையும் உருவிக் கொண்டுபோய் அவள் வாசலில் போட்டுவிட்டு வந்தேன். அன்றிலிருந்து பேச்சு நின்றது. வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் வழக்கம்போல ஒன்றாகவே வேலைக்குப் போய் வந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர்க் குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அவள் துணிகளை வீட்டுக்குள்ளேயே கட்டிக் காயவைத்தாள்.

வெள்ளைக் கோட்டு எதற்கென்றால், ஸ்டேஷன் பக்கம் ஒரு டிரஸ்ட் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் நான் பார்மசிஸ்ட். ஆறு படுக்கை, ஒரு நீள பெஞ்சு, ஒரு வராந்தா. டாக்டர் ஒரு மராத்திப் பெண்மணி, என் வயதுதான். கசார்வாடியிலிருந்து ஸ்கூட்டரில் வருவார், அதிகம் பேசமாட்டார். நாங்கள் எல்லோரும் மேடம் என்போம். நர்ஸ் கேரளத்துக்காரர், அவர் சிஸ்டர். மராத்தி பேச வராதவர்களுக்கு எல்லாம் நான்தான் வாய். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். எங்கேயோ குடிநீர்க் குழாய் உடைந்து சாக்கடை கலந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரியைத் திறக்கும்போதே வாசலில் கூட்டம். ஜுலாப், உல்டி. தமிழோ மராத்தியோ இந்தியோ, வயிற்றுப்போக்குக்கும் வாந்திக்கும் எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வது இந்த இரண்டு வார்த்தைதான். பத்து மணிக்குள் ஆறு படுக்கையும் நிறைந்து, பெஞ்சு நிறைந்து, வராந்தாவில் பாய் போட்டுப் படுக்கவைக்க ஆரம்பித்தோம்.

வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று: சலைன். பாட்டில் தொங்கவிட்டு ஊசி குத்தினால்தான் வைத்தியம், தண்ணீரில் கலந்து குடிக்கும் உப்புச் சர்க்கரைப் பொடியைக் கொடுத்து அனுப்பினால் ஏமாற்று வேலை என்று அவர்களுக்கு எண்ணம். கேட்டவர்களுக்கெல்லாம் ஏற்றினால் எங்களிடம் இருந்த சலைன் அன்று சாயங்காலம் வரைகூடத் தாங்காது. புதிதாக வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள்.

இதைவிடப் பெரிய தலைவலி, நாங்கள் மூன்று பேரும் மூன்று விதமாகப் பேசியது. குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதே என்று நான் சொல்வேன். வாந்தி நிற்கும்வரை எதுவும் வேண்டாம் என்பார் சிஸ்டர். மேடம் வேறொன்று சொல்லியிருப்பார். ஒரு பெண் மூன்று பேரிடமும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, "இப்ப நான் யார் பேச்சக் கேக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க" என்று இடுப்பில் கை வைத்து நின்றாள். நியாயமான கேள்வி. மேடம் எழுந்து மருந்து அறைக் கதவைச் சாத்தினார். வெளியே கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். "அரை மணி நேரம்தான். இங்கிருந்து வெளியே போகும்போது நாம் மூவரும் ஒரே பேச்சு பேச வேண்டும்" என்றார்.

அலமாரியில் இந்த நோய்க்கான தடிமனான ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. நல்ல புத்தகம், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் படித்து முடிக்க ஒரு நாள் வேண்டும். மேடம் அதில் இரண்டு பக்கத்தை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று கட்டம் போட்டார். பொடியோடு வீட்டுக்குப் போகக்கூடியவர்கள் யார், பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் கண்ணெதிரே குடிக்க வேண்டியவர்கள் யார், சலைன் ஏற்றியே ஆகவேண்டியவர்கள் யார். பிரிக்க அடையாளம்: கண் குழி விழுந்திருக்கிறதா, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிகிறதா, தண்ணீரைக் கண்டதும் பாய்ந்து குடிக்கிறதா அல்லது குடிக்கவே தெம்பில்லையா. தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது என்பதில் நான் சொன்னது நின்றது. அதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

"வீட்டில் இருக்கும் தாய், நாம் யாரும் பக்கத்தில் இல்லாமல், எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?" என்று மேடம் கேட்டார்.

சிஸ்டர் யோசிக்கவே இல்லை. "துணி, மேடம். காலையிலேர்ந்து துணியில மூத்திரம் இல்லேன்னா, ஓடி வரணும்."

அதையும் எழுதினோம். ஆறு மணி நேரமாகக் குழந்தை துணியை நனைக்கவில்லை என்றால் உடனே வரவும். கடைசி வரியாக மேடம் ஒன்று சேர்த்தார்: திரும்பி வரும்போது குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததைக் கையோடு கொண்டு வரவும். தாளின் தலையில் கிழமையும் நேரமும் போடச் சொன்னார். செவ்வாய், பகல் பன்னிரண்டு. நேரம் எதற்கு என்று கேட்டேன். "பன்னிரண்டு மணிக்கு நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நாளைக்கு வேறு தெரிந்தால் மாற்ற வேண்டாமா?" என்றார்.

மராத்தித் தாளை மேடம் எழுதினார். தமிழ்த் தாள் என்னுடையது. ஒரு பாக்கெட் பொடியை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கலக்கவும் என்று முதலில் சரியாகத்தான் எழுதினேன். பிறகு பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். காலையிலிருந்து ஒவ்வொருத்தியும் "லிட்டருன்னா எவ்ளோக்கா?" என்று கேட்டு என் உயிரை எடுத்திருந்தாள். நானும் ஒவ்வொருத்தியிடமும் "ஒரு பாட்டில்மா, ஒரு பாட்டில்" என்று கத்தியிருந்தேன். எங்கள் வீட்டில் பாட்டில் என்றால் சென்னை ரயிலில் வாங்கி, கழுவி வைத்துக்கொண்ட பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். அது சரியாக ஒரு லிட்டர். லிட்டர் என்பதை அடித்துவிட்டு ஒரு பாட்டில் என்று எழுதினேன். ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி எழுத என்னை விட்டால் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். நன்றாக நினைவிருக்கிறது, அப்படியேதான் நினைத்தேன்.

ஸ்டேஷன் எதிரே ஜெராக்ஸ் எடுத்து வந்து, வருகிறவர்களுக்கெல்லாம் கையில் கொடுத்தோம். ரேஷன் கடை, குழாயடி, கோயில் சுவர் எல்லா இடத்திலும் ஒட்டவைத்தோம். சாயங்காலத்துக்குள் வித்தியாசம் தெரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்து குடித்தவர்கள் இரண்டு மூன்று மணி நேரத்தில் தெளிந்து எழுந்து போனார்கள். சலைன் உண்மையில் வேண்டியவர்களுக்கு மிச்சம் இருந்தது. காலையில் இடுப்பில் கை வைத்து நின்ற பெண்ணே போகும்போது தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். அன்றைய முதல் டீயைக் குடிக்கும்போது நாலரை மணி. அவ்வளவு ருசியான டீயை நான் குடித்ததில்லை.

புதன்கிழமை விடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதது. பசி அழுகை இல்லை, ஒரு மாதிரி சிணுங்கிச் சிணுங்கி நிற்காத அழுகை. போய்க் கேட்கலாமா என்று வாசல்வரை போனேன். இரண்டு மாதத்து வீம்பு காலைப் பிடித்தது. தாள்தான் ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறதே, அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதா என்ன என்று சொல்லிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

பத்து மணிவாக்கில், முதல் நாள் பொடி கொடுத்து அனுப்பிய குழந்தைகளில் சில திரும்பி வந்தன. போக்கு குறையவில்லை. தாகம் அடங்கவில்லை. தொட்டால் எரிந்து விழுந்தன. பெரியவர்கள் யாரும் அப்படி வரவில்லை. சிஸ்டர் என்னிடம் மெதுவாகச் சொன்னார், "ஒண்ணு கவனிச்சீங்களா? திரும்பி வர்றதெல்லாம் உங்க ஆளுங்கதான்."

"எங்க ஆளுங்கன்னா என்னா? அவங்க வயிறு வேற வயிறா?" என்று சீறினேன். மேடம் நிமிர்ந்து பார்த்தார். சுவரிலிருந்த தமிழ்த் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

அப்போதுதான் ஆட்டோவிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி இறங்கினாள். தோளில் குழந்தை, கையில் ஒரு ஒயர் கூடை. குழந்தையின் கண் உள்ளே போயிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. அழுதது, கண்ணீர் வரவில்லை. சிஸ்டர் கையிலிருந்த கரண்டியை அது இரண்டு கையாலும் பிடித்து இழுத்தது. "விடியறதுக்கு முன்னால நனைச்சதுதான் சிஸ்டர், அப்புறம் துணியே நனையல. காகிதத்துல போட்டிருந்துச்சே, அதான் ஓடியாந்தேன்" என்றாள். தாளில் இருந்தபடியே, கொடுத்துக்கொண்டிருந்ததையும் கூடையில் கொண்டு வந்திருந்தாள். கூடைக்குள் இருந்தது ஒரு ரம் பாட்டில்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் சந்தில் பாதி வீடு முன்னாள் ராணுவம். மிலிட்டரி கேன்டீனில் மாதாமாதம் ரம் வரும், ரம் தீரும், பாட்டில் தங்கும். அந்தக் கண்ணாடி பாட்டிலைக் கழுவி அதில்தான் குடிதண்ணீர் வைப்பார்கள். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், பினாயில் எல்லாம் அதிலேதான். அந்தச் சந்தில் பாட்டில் என்றால் அது ஒன்றுதான் பாட்டில். குடிக்காத வீடு என்ற பெருமையில் என் வீட்டில் மட்டும் அது கிடையாது. வருஷக்கணக்காக எல்லார் வீட்டு ஜன்னலிலும் வரிசையாகப் பார்த்தும், பேனாவைப் பிடித்த நேரத்தில் அது என் கண்ணில் படவில்லை.

மேடம் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தார். முகம் மாறியது. பாட்டிலை என்னிடம் நீட்டினார். வைத்துப் பார்த்தேன், உப்பு சுருக்கென்றது.

"எவ்ளோ தண்ணில கலந்தே?" இரண்டு மாதத்துக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு இது.

"பாட்டில்லதான்கா. நீங்க எழுதினபடியேதான். பாட்டிலுக்கு ஒரு பாக்கெட்டு, வீட்டுக்காரரு மருந்துக்கடையில வாங்கியாந்தது. ஒரு துளி பொடி கீழ சிந்தலக்கா."

பாதி கிழிந்த லேபிளில் அளவு அச்சடித்தே இருந்தது. முக்கால் லிட்டர். ஒரு லிட்டருக்கான உப்பு முக்கால் லிட்டரில் கரைந்தால், பெரியவர்கள் உடம்பு எப்படியோ சமாளித்துக்கொள்ளும். எட்டு மாதக் குழந்தைக்கு ரத்தத்தில் உப்பு ஏறும். உப்பு ஏறினால் தாகம் கூடும். தாகம் கூடினால் தாய் இன்னும் கொஞ்சம் அதையே கொடுப்பாள். அவள் வேறு யாருடைய பேச்சையாவது கேட்டிருக்கலாம், சோம்பேறித்தனமாக அரைப் பாக்கெட் போட்டிருக்கலாம். என் எழுத்தை நம்பி எழுத்துப் பிசகாமல் செய்திருந்தாள்.

"மேடம், தப்பு என்னோடது" என்று இந்தியில் சொன்னேன். லிட்டரை அடித்துப் பாட்டில் என்று எழுதியதைச் சொன்னேன். மேடம் கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "தப்பைப் பிறகு பேசலாம். இந்தக் காகிதம் எத்தனை வீட்டில் இருக்கிறது?" என்றார்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தி அவளுக்கு அரைகுறையாகத்தான் புரியும், ஆனால் புரிந்துவிட்டது. "பேசிக்கினு இருந்திருந்தா செவுத்தத் தட்டி ஒரு வார்த்த கேட்டிருப்பேன்கா, எந்தப் பாட்டிலுன்னு" என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. உள்ளதைச் சொன்னாள். இன்றைக்கும் அந்தக் குரல் நினைவுக்கு வந்தால் செய்கிற வேலையை நிறுத்திவிடுவேன்.

மேடம் சலைனைத் தொடவில்லை. ஏறிய உப்பை அவசரமாக இறக்கினால் மூளைக்கு ஆபத்து என்றார். பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தை டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டார். அவரும் அதையேதான் சொன்னார்: சரியான அளவில் கலந்ததைக் கரண்டி கரண்டியாக, மெதுவாக. நடுநடுவே தாய்ப்பால். குழந்தை துவண்டாலோ வலிப்பு வந்தாலோ உடனே கொண்டுவர வேண்டும். வந்த ஆட்டோவை அனுப்பாமல் வாசலிலேயே நிறுத்தினோம். அவள் பெஞ்சின் ஓரத்தில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கரண்டியைப் பிடித்தாள். துணி நனைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார் சிஸ்டர். திரும்பி வந்த மற்றக் குழந்தைகள் இவ்வளவு வாடவில்லை; அவர்களுக்கும் இதே கரண்டிதான்.

அதே பெஞ்சின் மறு ஓரத்தில் புதுத் தாள் தயாரானது. இந்த முறை எழுத்துக்கு எழுத்து ஒரு லிட்டர் என்று எழுதினேன். ஜெராக்ஸுக்குக் கிளம்பப்போன என்னை மேடம் கையைப் பிடித்து நிறுத்தினார். "முதலில் யாருக்காவது படித்துக்காட்டு" என்றார். யாருக்கு என்று கேட்டேன். பெஞ்சின் ஓரத்தைக் காட்டினார்.

நான் படித்தேன். அவள் கரண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "லிட்டருன்னா எங்க வீட்ல அளக்க எதுக்கா இருக்குது? மண்ணெண்ணெக்காரன்கிட்டதான் இருக்குது." இரண்டு கரண்டி உள்ளே போயிற்று. "பாலுதான் அரை லிட்டர் பாக்கெட்டுல வருது. ரெண்டு பால் பாக்கெட்டு தண்ணின்னு எழுதுங்க."

நான் மேடத்திடம் சொன்னேன். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தமிழர் வீடோ மராத்தியர் வீடோ, காலையில் பால் பாக்கெட் வராத வீடு இல்லை. ஒரு மூலையை மட்டும் வெட்டி, காலிக் கவரைக் கழுவி ஜன்னல் கம்பியில் காயவைத்து, சேர்ந்ததும் பழைய பேப்பர்காரனிடம் போடுவார்கள். சிஸ்டர் ஓடிப்போய் டீக்கடையிலிருந்து ஒரு கவர் வாங்கி வந்தார். நிரப்பி என் அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்த்தோம், மூன்று முறை. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது, அது பரவாயில்லை என்றார் மேடம்.

"பால் கவர்ல பச்சத் தண்ணி பிடிச்சுக் குடுத்தா மறுபடி ஜுலாப்தான்" என்றார் சிஸ்டர். அதுவும் சரிதான். அப்படியானால் அளவு பார்க்க மட்டும்தான் பால் கவர். இரண்டு கவர் தண்ணீர் வீட்டில் எந்தப் பாத்திரத்தில் கழுத்து வரை சரியாக நிற்கிறது என்று ஒரு தடவை கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு எப்போதும் அந்தப் பாத்திரம், காய்ச்சிய தண்ணீர். வீட்டில் யார் கலந்தாலும் இதுதான் பாத்திரம் என்று தெரிய ஒரு அடையாளம் வேண்டுமே என்றார் மேடம். நான் என் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஆஸ்பத்திரிச் சொம்பின் மேல் ஒட்டிக் காட்டினேன்.

அந்த நிலைமையிலும் அவளுக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ, நெத்திய வெறுமையா வெக்காதீங்கக்கா" என்று கூடையைத் துழாவிப் பொட்டு அட்டையை எடுத்து நீட்டினாள். அவளுடையது பச்சைப் பொட்டு. என் வயதுக்கு அது பொருந்தவே பொருந்தாது. ஒட்டிக்கொண்டேன்.

புதுத் தாளின் தலையில் மேடம் சொல்லச் சொல்ல எழுதினேன்: புதன், பகல் ஒரு மணி. நேற்றைய தமிழ்த் தாளில் ஒரு பாட்டில் என்று இருந்தது தவறு. அந்தத் தாளைக் கிழித்துவிடவும். எழுதுவதற்கு முன் சண்டை போட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். தப்பு என்று நாமே எழுதினால் நாளைக்கு நம் காகிதத்தை எவன் நம்புவான் என்று கேட்டேன். மறைத்தால் எவன் நம்புவான் என்று மேடம் திருப்பிக் கேட்டார். பேனாவை எடுத்தேன்.

மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு சந்து சந்தாகப் போனேன். சுவரில் இருந்ததை நகத்தால் சுரண்டி எடுத்தேன். ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் நின்று, நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் என்று சொன்னேன். முதல் வீட்டில் சொல்வதற்கு மூன்று தடவை ஆரம்பித்தேன். நாலாவது வீட்டில் சரளமாக வந்தது. ஒருத்தி நன்றாகத் திட்டினாள், வாங்கிக்கொண்டேன். மீசைக்கார முன்னாள் ஹவில்தார் ஒருவர், "ஏம்மா, இத்தன வருஷம் என் பொண்டாட்டிதான் இந்தப் பாட்டிலைக் குத்தம் சொல்லிக்கினு இருந்தா, இப்ப நீயுமா?" என்றார். ஒரு வீட்டில் பூஜைச் சொம்பு, ஒரு வீட்டில் சின்னக் குக்கர், ஒரு வீட்டில் மாமியார் பெயர் பொறித்த தூக்கு என்று ஆளாளுக்கு ஒரு பாத்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் சந்துப் பாத்திரங்கள் எல்லாம் அன்று பொட்டு வைத்துக்கொண்டன. ஒருத்தரும் எங்கள் காகிதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னும் சொல்லப்போனால், நான் திரும்பும்போது இரண்டு பெண்கள் பின்னாலேயே வந்து, அடுத்த காகிதம் எப்போது வரும் என்று கேட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ அப்படியே நின்றது. அது நிற்பதைப் பார்த்ததும், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டி வரவில்லை என்று ஒரு நிம்மதி, உள்ளே போகப் பயம். அவள் காலையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கரண்டி கையில் இருந்தது. குழந்தை மடியில் தூங்கியது. தூக்கமா துவண்டதா என்று எனக்குத் தெரியவில்லை. நனைந்த குடையோடு அப்படியே நின்றேன்.

அவள் என் கையைப் பிடித்து இழுத்துக் குழந்தையின் துணிக்கு அடியில் வைத்தாள்.

"ஈரம்க்கா" என்றாள்.

சூடாக இருந்தது. துணி தாண்டி அவள் புடவைவரை நனைந்திருந்தது. நான் அழுதேன், வாய்விட்டே அழுதேன், பார்மசிஸ்ட் அழுகிறாளே என்று பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சிஸ்டர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டார். மேடம் ஆட்டோக்காரருக்கு டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

அந்த வாரம் மொத்தம் ஐந்து தாள் போட்டோம். ஒவ்வொன்றிலும் கிழமை, நேரம், முந்தைய தாளில் என்ன மாறியது என்ற வரி. ஒவ்வொன்றையும் வரிசையில் நிற்கிற யாராவது ஒருவரைக் கூப்பிட்டு, அவர் கையால் செய்யச் சொல்லிப் பார்த்த பிறகே வெளியே விட்டோம். பல வருஷம் கழித்து, இரண்டாயிரம் பிறந்த பிறகு, புனே கேம்ப்பில் சுகாதாரத் துறைக் கூட்டம் ஒன்றுக்குப் போனேன். புதுக் காய்ச்சல் ஒன்று பரவி ஊரே முகத்தை மூடிக்கொண்டிருந்த சமயம். தரை துடைக்கும் மருந்தை எத்தனை சதவீதம் கலக்க வேண்டும் என்று அதிகாரிகள் அழகாக அச்சடித்து வைத்திருந்தார்கள். இதை வெளியே துடைத்துக்கொண்டிருக்கும் ஆயாவைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லலாமா என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். ஆயா வந்து, இந்தச் சதவீதம் எத்தனை மூடி என்று மராத்தியில் கேட்டார். சிரித்தவர்களில் ஒருவரே போய் மூடியால் அளந்துவிட்டு வந்து தாளைத் திருத்தினார். அன்றைக்கே, ஒரு மணி நேரத்துக்குள். அந்த ஊரின் மேல் எனக்கு நம்பிக்கை போகாமல் இருப்பதற்கு இப்படிப்பட்ட சாயங்காலங்கள்தான் காரணம்.

நடுவில் எங்கேயோ ஓடிவிட்டேன். குழந்தை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தது. சனிக்கிழமை மழை விட்டிருந்தது. வாரம் முழுக்க அழுக்கான என் கோட்டுகள் மூன்றையும் விடியற்காலையிலேயே துவைத்து வெயிலில் போட்டிருந்தேன். காபி ஆற்றிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினால், என் மூன்று கோட்டின் மேலும் சொட்டுச் சொட்டென்று தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஒன்பது இடுப்புத் துணி. இரண்டு மாதத்துக்குப் பிறகு, என் கயிற்றில், என் பக்கத்தில். நின்று எண்ணினேன். ஒன்பதும் ராத்திரியிலிருந்து குழந்தை நனைத்தவை. பிறகு ஜன்னலைத் திறந்து, என்னால் முடிந்த மட்டும் சத்தமாகக் கத்தினேன்.

"ஏம்மா, உனக்கு வேற எடமே கெடைக்கலயா?"

அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "வெயிலு உங்க பக்கம்தானேக்கா இருக்குது" என்றாள். குழந்தை என் பச்சைப் பொட்டையே பார்த்தது.

கோட்டுகளை உருவி உள்ளே கொண்டுபோய் நாற்காலி மேல் போட்டேன். கயிற்றை அவளுக்கு விட்டுவிட்டேன்.